குருவிதான் முக்கியமா என்று கேட்டாய்

உ

திருநகர், மதுரை
நவம்பர் 10

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமா? முப்பத்தோரு வருஷம் தபால் ஆபீஸில் ஊரார் கடிதத்துக்கு முத்திரை குத்தினேன். சொந்தமாக ஒன்று எழுதிப் பல காலமாச்சு. ஞாயிற்றுக்கிழமை பிரசவத்துக்கு என்னையும் அங்கே வரச் சொன்னாய், நான் "பார்க்கலாம்" என்று இழுத்தேன். "உங்களுக்குக் குருவிதானப்பா முக்கியம்?" என்று கேட்டுவிட்டு வீடியோவை வைத்துவிட்டாய். அதன்பிறகு உங்கம்மா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்க்கவில்லை. மத்தியானம் ரசம் ஊற்றும்போதுகூட வாயைத் திறக்கவில்லை. போனில் எனக்குக் கோவையாகப் பேச வராது என்று உனக்குத் தெரியும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதல் ஜோடியை நான் வாங்கிய கதை உனக்கு முழுசாகத் தெரியாது. நீ மெல்போர்ன் போன மறுமாசம், வீடு கப்சிப்பென்று இருக்கிறதே என்று கடைக்குப் போய் ஸீப்ரா ஃபின்ச் என்கிற கூண்டுக் குருவியில் வெள்ளையாக இரண்டு வாங்கி வந்தேன். "ஜோடிதான் சார், உத்தரவாதம்" என்றார் கடைக்காரர். இரண்டும் ஒரே பானைக்குள் போய் முட்டையாகப் போட்டுத் தள்ளின. ஒன்பது முட்டை! நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பதினைந்து நாள், இருபது நாள், ஒன்றும் காணோம். கடைசியில் பார்த்தால் இரண்டுமே பொட்டை, ஒன்பதும் கூமுட்டை. சாம்பல் நிறக் குருவியென்றால் ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டும் நெஞ்சில் கறுப்புப் பட்டையும் இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வெள்ளையில் அலகை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆணுக்கு நல்ல சிவப்பு, பெண்ணுக்கு வெளிறின ஆரஞ்சு. அடுத்த வாரமே ஒரு சாம்பல் சேவலைத் தேடி வாங்கிவந்தேன். இன்றைக்கு மொத்தம் பதினேழு.

பானை எல்லாம் விளாச்சேரியில் பொம்மை செய்கிற ஒருவரிடம் சொல்லிச் செய்தது, பக்கவாட்டில் ஓட்டை வைத்து. உள்ளே தேங்காய் நாரை அதுகளே இழுத்துக்கொண்டு போய் மெத்தை போடும். முட்டை வேர்க்கடலைப் பருப்பைவிடச் சற்றுப் பெரிசு. நாளைக்கு ஒன்றாக நாலைந்து இடும். ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றி அடை உட்காரும். இந்த விஷயத்தில் உன் அப்பனைவிட அந்தச் சேவல் எவ்வளவோ மேல், உங்கம்மாவே சொல்லிவிட்டாள்.

முதல் ஈட்டில் நான் செய்த தப்பு, ஓயாமல் எட்டிப் பார்த்தது. காலையில் ஒரு தடவை, காப்பி குடித்துவிட்டு ஒரு தடவை, படுக்கப்போகுமுன் டார்ச் அடித்து ஒரு தடவை. ஐந்தாம் நாள் வெளிச்சத்தில் பிடித்தால் முட்டைக்குள் சிவப்பு நரம்பு சிலந்தி வலை மாதிரி தெரியும். அதைப் பார்த்த சந்தோஷத்தில் எடுத்து எடுத்துப் பார்த்தேன். பொட்டை அடையை விட்டு எழுந்தது, திரும்ப உட்காரவே இல்லை. இப்போதெல்லாம் பானைப் பக்கம் தலை வைப்பதில்லை. உனக்கு நாளைக்கு மூணு தடவை போன் போட்டுக்கொண்டிருந்தவன் இப்போது வாரத்துக்கு ஒன்றாக்கியது எதனால் என்று கேட்டாயே, இதனால்தான் என்று வைத்துக்கொள்.

குஞ்சு பொரிக்கிற பதின்மூன்றாம் நாள் வாக்கில் வெளியே நின்றே காது கொடுத்தால் போதும். முதலில் கொசு ரீங்காரம் போல ஒன்று. இரண்டு நாள் கழித்து அது சீ-சீ என்று பிசிறடிக்கும். குஞ்சு பேருக்குக் கொஞ்சம் ரோமம் ஒட்டிய ஒரு சதைத் துணுக்கு. வளர்ந்த குருவியே ஒன்றரைப் பவுன் எடைதான், அப்படியென்றால் குஞ்சு எவ்வளவு இருக்குமென்று பார்த்துக்கொள். வாயைத் திறந்தால் அண்ணத்தில் கறுப்புப் புள்ளிகள், கோலப் புள்ளி போல. கழுத்தை முறுக்கித் தலையை மேலாகத் திருப்பிக்கொண்டுதான் இரை கேட்கும். அந்தத் திருகலை முதல் தடவை பார்த்தபோது கழுத்து முறிந்துவிட்டது என்று பதறிப்போய் உங்கம்மாவைக் கூப்பிட்டேன்.

சேவல் குஞ்சுகள் பாட்டைத் தகப்பனிடம்தான் கற்கும். ஒவ்வொரு சேவலுக்கும் பாட்டு வேறு. நம் பழைய சேவல் முடிக்கும்போது சித்திரைத் திருவிழாவில் விற்கிற பீப்பி மாதிரி ஒரு இழுப்பு இழுக்கும். போன மாசம் அதன் மகன், மூணு மாசம்கூட ஆகவில்லை, மூலையில் தனியாக உட்கார்ந்து உளறி உளறிப் பார்த்துவிட்டு, கடைசியில் அதே இழுப்பை இழுத்தது. கையில் இருந்த தினை டப்பாவைக் கீழே வைத்துவிட்டேன்.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். போன வருஷம் சென்னையில் கல்யாணம் என்று ஐந்து நாள் போனோமே. தினை போட, தண்ணி வைக்கப் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவனும் ஒழுங்காகச் செய்திருந்தான். கூண்டின் நாலு காலுக்கும் கீழே எறும்புக்காகத் தண்ணிக் கிண்ணம் வைத்திருப்பேன். அதைச் சொல்ல மறந்தது நான். வெயிலில் கிண்ணம் வற்றிவிட்டது. நாங்கள் வந்து இறங்கியபோது பானை ஓட்டையில் இருந்து ஒரு சிவப்புக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே நாலு நாள் குஞ்சு மூணு. அதற்குமேல் எழுதவில்லை. தாய்க்குருவி இரண்டு நாள் அந்தப் பானை வாயிலேயே உட்கார்ந்திருந்தது. நீ கூப்பிட்டபோது நான் "பார்க்கலாம்" என்று இழுத்ததற்குக் காரணம் இதுதான். உன்னைவிடக் குருவி பெரிசு என்று இல்லை.

ஒரு பொட்டைக்கு முட்டை வெளியே வராமல் அடைத்துக்கொண்ட கதை ஒன்றும் எழுதியிருந்தேன். "மாசமா இருக்கிற பிள்ளைக்கு எழுதுற கதையா இது?" என்று உங்கம்மா அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டாள். குருவி பிழைத்துக்கொண்டது, அதை மட்டும் சொல்ல உத்தரவு. அதிலிருந்து நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை, அதாவது கணவாய் மீனின் ஓடு, வாங்கிக் கூண்டில் தொங்கவிடத் தவறுவதில்லை. சுண்ணாம்புச் சத்து. நீயும் மாத்திரையை ஒழுங்காகப் போடு.

இன்னொன்று. இது உன் ஊர்ப் பறவை, தெரியுமா? ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் கூட்டம் கூட்டமாகத் திரிகிறதாம். மழை கண்டதும் கூடு கட்டுமாம். இங்கேயும் ஐப்பசி அடைமழை பிடித்ததும் நாரைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன. இத்தனை தலைமுறை கூண்டில் பிறந்தும் மறக்கவில்லை. உங்கள் பக்கத்து ஜீலாங்கில் டீக்கின் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2016-ல் ஒன்று கண்டு எழுதியிருக்கிறார்கள். வெக்கை 26 டிகிரியைத் தாண்டினால், பொரிக்கப்போகிற கடைசி நாட்களில் தாயோ தகப்பனோ முட்டையைப் பார்த்து ஒரு தனிக் குரல் கொடுக்குமாம். அதைக் கேட்டுப் பிறந்த குஞ்சு வெக்கையில் உடம்பைப் பெருக்காமல் சிறிசாகவே வளருமாம், வெயிலைத் தாங்குவதற்கு. அபிமன்யு கதைதான்! 26 டிகிரி என்றால் மதுரையில் நாங்கள் போர்வை தேடுவோம். அப்படிப் பார்த்தால் நம் வீட்டுக் குருவி வருஷம் முழுக்க முட்டையோடு பேசிக்கொண்டுதான் இருக்க வேண்டும். நீயும் வயிற்றில் இருப்பதோடு பேசு. தமிழில் பேசு.

தீபாவளி அன்று ராத்திரி பயந்துபோனேன். இருட்டில் வெடிச் சத்தம் கேட்டுப் பானையை விட்டுப் பறந்தால் திரும்பத் தடம் தெரியாது, முட்டை குளிர்ந்துவிடும். கூண்டின் மேல் என் பழைய வேட்டியைப் போர்த்தி, ஜீரோ வாட் பல்பை எரியவிட்டு, பதினொரு மணிவரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

எதிர்வீட்டுக்காரர் சோழவந்தான் வயல் பக்கம் சில்லை பிடித்துத் தருகிறார்கள், அதையும் சேர்த்து விடுங்கள் என்றார். முடியாது என்றுவிட்டேன். நம் நாட்டுக் குருவியைப் பிடித்து அடைப்பது 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது நெல்லுக் கதிரில் ஆடிப் பழகினது.

சரி, கணக்குக்கு வருகிறேன். உங்கம்மா முன்பே பேசியபடி இந்த மாசக் கடைசியில் கிளம்புகிறாள். இப்போது ஒரு பானையில் மட்டும் நாலு முட்டை, இன்றோடு ஒன்பது நாள். 14-ம் தேதி வாக்கில் பொரிக்கும். மூணு வாரத்தில் பானையை விட்டு வரும். அதன்பிறகு தானே தினை கொறிக்க இன்னும் இரண்டு வாரம். டிசம்பர் 20 என்று வை. அன்றைக்கே பானை எல்லாவற்றையும் எடுத்துப் பரணில் போட்டு, சேவலைத் தனிக் கூண்டிலும் பொட்டையைத் தனிக் கூண்டிலும் மாற்றிவிடுவேன். முட்டை இல்லையென்றால் தினை, தண்ணி, எறும்புக் கிண்ணம், இவ்வளவுதான் வேலை. வாடிப்பட்டியில் இருந்து உன் அத்தை வந்து இருக்கச் சம்மதித்துவிட்டாள். கிண்ணத்தைப் பற்றி மட்டும் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டப்போகிறேன்.

பிரசவத்துக்கு உங்கம்மா இருப்பாள். அந்த நேரத்தில் நான் இருந்தாலும் வராந்தாவில் நடக்கத்தான் லாயக்கு. மாப்பிள்ளையிடம் சொல், ஜனவரி 10-க்கு மேல் எந்தத் தேதிக்கும் எனக்கு டிக்கெட் போடட்டும். பொங்கலுக்குப் பேரனையோ பேத்தியையோ மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். திரும்புகிற தேதி மார்ச்சுக்கு முன்னால் வேண்டாம்.

ஸ்வெட்டர் எடுக்க வேண்டுமா என்று எழுது. ஜனவரியில் அங்கே நல்ல வெயில் என்று மாப்பிள்ளை சொன்னார். உங்கம்மா நம்ப மாட்டேன் என்கிறாள். கடையில் ஏற்கெனவே விலை விசாரித்துவிட்டு வந்திருக்கிறாள்.

இப்படிக்கு,
அப்பா