எழுதச் சொல்லித் தாருங்கள், அப்புறம் திருப்பி அனுப்புங்கள்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம். சென்ற வாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய சுற்றறிக்கை பற்றி எழுதுகிறேன். இறுதியாண்டு ப்ராஜெக்டில் 10 சதவீதத்துக்கு மேல் அடுத்தவர் எழுத்து இருந்தால் திருப்பி அனுப்பப்படும் என்று அதில் இருக்கிறது. காப்பி அடிப்பதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. காப்பி அடிக்காமல் எழுதுவது எப்படி என்று இந்த மூன்று ஆண்டுகளில் ஒரு வகுப்பாவது நடந்ததா என்றுதான் கேட்கிறேன்.

என் அம்மா பாம்பனில் கடல் பாசி எடுக்கப் போகிறவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விடியுமுன் வல்லத்தில் ஏறிப் போய், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசி பறித்து வருவார். ப்ராஜெக்டுக்குத் தலைப்பு கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. அம்மாவோடும் கூடப் போகும் பெண்களோடும் உட்கார்ந்து பேசினேன். கிலோ என்ன விலைக்குப் போகிறது, வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் எவ்வளவு கழிக்கிறார், கச்சான் காற்று அடித்துத் தண்ணீர் கலங்கினால் எத்தனை நாள் வீட்டில் இருக்க வேண்டும், எல்லாம் கேட்டு 14 பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் 'இது கதை, ப்ராஜெக்ட் அல்ல'. 'கச்சான்' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கேள்விக்குறி. கடைசிப் பக்கத்தில் 'மெத்தடாலஜி? ரெஃபரன்ஸ்?' அவ்வளவுதான். என்ன செய்ய வேண்டும் என்று போய்க் கேட்டேன். நூலகத்தில் பழைய ப்ராஜெக்ட் இருக்கும், அதைப் பார்த்து அதே மாதிரி எழுதி வா என்றார்கள். பார்த்து அதே மாதிரி எழுதுவதற்குச் சுற்றறிக்கையில் வேறு பெயர் இருக்கிறது. சரி, அதை விடுங்கள்.

நூலகத்தில் மாதிரிக்கு எடுத்துக் கொடுத்தது இராமநாதபுரம் மாவட்ட மஞ்சள் விவசாயிகளின் பிரச்சினைகள் பற்றியது. நம் மாவட்டம் பேர் வாங்கியது முண்டு மிளகாய்க்கு. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மஞ்சளை எந்த ஊரில் பார்த்தார்களோ என்று புரட்டிக்கொண்டே போனால், 31ஆம் பக்கத்தில் 'ஈரோடு' என்று ஓரிடத்தில் மாற்றாமல் விட்டிருந்தது. கெட்டி அட்டை, தங்க நிற எழுத்து, மூன்று பேர் கையெழுத்து. அது ப்ராஜெக்ட். என்னுடையது கதை.

அப்புறம் எல்லோரும் போகிற இடத்துக்கு நானும் போனேன், ஜெராக்ஸ் கடைக்கு. எந்த டிபார்ட்மென்ட், எத்தனை பக்கம் என்று மட்டும் கடைக்காரர் கேட்டார். ரெடிமேட் ப்ராஜெக்ட் 1,800 ரூபாய். கம்ப்யூட்டரில் அவர் திறந்து காட்டிய முதல் கோப்பு அதே மஞ்சள். புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது, கிட்டத்தட்ட இரண்டு மாதப் பணம். நான் வாங்கவில்லை. பெரிய நேர்மை என்று நினைத்துவிட வேண்டாம், கையில் இல்லை. ஆனால் எழுதுவதில் சந்தேகம் என்று போனால் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்துப் பதில் சொன்னவர் இதுவரை அவர் ஒருவர்தான். எந்த அத்தியாயத்துக்குப் பின் எது வரும் என்பதையே நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஓர் அறை, எழுதியதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்களோடு உட்கார ஒரு ஆசிரியர்.

அந்த 10 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகள். அவை முதுகலை, ஆய்வுப் பட்ட எழுத்துகளுக்கு உரியவை. அசைன்மென்டும் ப்ராஜெக்ட் அறிக்கையும் அதில் சேராது என்று அந்த விதிகளே சொல்கின்றன. சட்டம் பேச வரவில்லை, நல்ல விதி, எங்களுக்கும் இருக்கட்டும். ஆனால் அதே விதிகளில், பிறர் கருத்தை எடுத்தால் எப்படிக் குறிப்பிடுவது என்று மாணவர்களுக்குக் கல்வி நிறுவனம் சொல்லித் தர வேண்டும், ஒவ்வொரு செமஸ்டரும் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்றும் இருக்கிறது. தண்டனைப் பக்கம் மட்டும் நம் பலகைக்கு வந்து, இந்தப் பக்கம் வழியிலேயே நின்றுவிட்டது.

இடம் இல்லை என்று சொல்ல முடியாது. கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வந்தபோது மாடியில் ஓர் அறைக்கு 'மாணவர் வழிகாட்டி மையம்' என்று புதுப் பலகை மாட்டினார்கள். குழு போனது, பலகை இருக்கிறது, உள்ளே கேரம் போர்டும் உடைந்த பெஞ்சும் இருக்கின்றன. வழிகாட்டுவதற்கு என்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பேச்சாளர் வருகிறார். கலாம் பிறந்த மண்ணில் பிறந்தவர்கள் நீங்கள் என்று தொடங்குவார், நாங்கள் கைதட்டுவோம். கலாம் ராமேஸ்வரத்திலிருந்து படிப்புக்காக ராமநாதபுரத்துக்கும் அங்கிருந்து திருச்சிக்கும் போனார். போன இடங்களில் அவருக்கு ஆசிரியர்கள் இருந்தார்கள். மண் மெத்தடாலஜி நடத்தாது. மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன்.

ஆசிரியர்கள் மீது பழி போடவில்லை. எங்களுக்கு அதிகம் பாடம் எடுப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களுக்கு இருக்கும் வேலைச் சுமைக்கு நடுவே 'என் 14 பக்கத்தைப் பாருங்கள்' என்று கேட்க எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் தனி நேரம் கேட்கிறோம்.

நாங்களும் சும்மா இல்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. பாசி பற்றி அந்த நிலையத்தார் எழுதிய கட்டுரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலக் கட்டுரை ஒன்றை இறக்கி நான்கு நாள் வைத்திருந்தேன். முதலில் சுருக்கத்தைப் படிப்பதா, முடிவைப் படிப்பதா, அட்டவணையை என்ன செய்வது, தெரியவில்லை. குறிப்பெடுக்கும் முறை ஒன்றையும் போனில் பார்த்துத்தான் கற்றேன். 1950களில் கார்னெல் பல்கலைக்கழகத்து வால்ட்டர் பாக் உருவாக்கியது. தாளில் வலப்பக்கம் அகலமாக விட்டுக் குறிப்பு, இடப்பக்கம் ஒடுக்கமான பத்தியில் கேள்விகள், அடியில் சுருக்கம். எனக்கு மூன்று சனிக்கிழமை ஆனது. கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டினால் பத்து நிமிட வேலை.

ஆகவே பணிவுடன் மீண்டும் கேட்கிறேன். வாரத்துக்கு இரண்டு மணி நேரம், அந்த மாடி அறை, ஒரு ஆசிரியர். கல்லூரி நேரத்துக்குள்ளேயே இருக்கட்டும். பாம்பன் 40 கிலோமீட்டருக்கு மேல், மாலை பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். வியாழக்கிழமை கடைசிப் பிரிவேளைகளில் எங்கள் வகுப்பு காலியாகத்தான் இருக்கிறது. கேரம் போர்டை நாங்களே கீழே இறக்கி வைக்கிறோம்.

14 பக்கமும் பையில் இருக்கிறது. 'கச்சான்' என்றால் என்ன என்று அடிக்குறிப்பு எழுதிவிட்டேன். அடிக்குறிப்பு எப்படிப் போடுவது என்று சொன்னவர் ஜெராக்ஸ் கடைக்காரர்.

பெயர் போடாததற்கு மன்னிக்கவும், இன்டர்னல் மார்க் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மாணவி,
பாம்பன்.