பெற்றோர் மின்னஞ்சல் முகவரிகளைப் புதுப்பித்தல் தொடர்பாக

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு அட்டவணையை மின்னஞ்சலில் அனுப்பிய அன்றே, அம்மடல்களில் ஒரு பகுதி போய்ச் சேராமல் பள்ளி அலுவலகத்திற்கே திரும்பி வந்துவிட்டது. திரும்பியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் காரணங்கள் தெளிவாயின.

திரும்பி வரும் மடலிலேயே ஓர் எண் இருக்கும். 5.2.2 என்றிருந்தால் முகவரி சரியானது, அஞ்சல் பெட்டிதான் நிரம்பிவிட்டது. ஜிமெயில் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் கூகுளில் சேமித்த படங்களுக்கும் கோப்புகளுக்கும் சேர்த்தே என்பதால், வேண்டாத வீடியோக்களை நீக்கினாலே மடல் வரத் தொடங்கும். 5.1.1 என்றிருந்தால் அப்படியொரு முகவரியே இல்லை என்று பொருள். எங்களுக்குக் கவலை தருவது இதுதான். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பணிபுரியும் தகப்பனார், சேர்க்கையின்போது தம் நிறுவன முகவரியைக் கொடுத்திருப்பார். வேலை மாறியதும் அது மூடப்பட்டிருக்கும். விண்ணப்பத்திற்காகப் பிரவுசிங் சென்டரில் தொடங்கிய கணக்கு, கடவுச்சொல்லும் தெரியாமல் அப்படியே கிடக்கும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் நீக்கி வருகிறது.

திரும்பினால் திரும்பட்டும் என்று விட்டுவிட இயலாது. இல்லாத முகவரிகளுக்குத் தொடர்ந்து அனுப்பும் பள்ளியை மின்னஞ்சல் சேவைகள் ஐயத்துடன் பார்க்கத் தொடங்கும். பிறகு சரியான முகவரி தந்தவர்களுக்கும் எங்கள் மடல் வேண்டாத மடல்களுக்கான ஸ்பாம் பெட்டியில் போய் விழும்.

ஒரே முகவரி எங்கள் மின்னஞ்சல் பட்டியல்களான வகுப்புக் குழுவிலும் பேருந்துக் குழுவிலும் தனித்தனியே இருப்பதால், ஓரிடத்தில் திருத்தினாலும் மற்றோரிடத்தில் பழையதே நின்றுவிடுகிறது. ஆகவே, இனி ஒரே பதிவேட்டில் மட்டும் திருத்தி, எல்லாக் குழுக்களையும் அதிலிருந்தே அமைக்க ஏற்பாடு செய்துள்ளோம். மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்ற மாணவர்களின் பெற்றோர் முகவரிகளும் நீக்கப்படும். பிற பிள்ளைகளைப் பற்றிய செய்தி அவர்களுக்குப் போவது முறையன்று.

நாட்குறிப்பேட்டுடன் வரும் படிவத்தில், நீங்களே திறந்து படிக்கும் முகவரியை எழுதி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டுகிறேன். புள்ளி, அடிக்கோடு, சுழியம் ஆகியவை ஐயமின்றித் தெரியட்டும். ஓர் எழுத்து பிசகினாலும் மடல் உங்களுக்கு வந்து சேராமல் போகலாம். பெற்றோர் வெளிநாட்டிலும் பிள்ளை அப்பத்தா, ஐயா பொறுப்பிலும் இருக்கும் வீடுகள் நம் ஊர்களில் பல. அவர்கள் பெற்றோரின் முகவரியோடு, இங்கே உடனிருப்பவரின் கைபேசி எண்ணையும் தவறாமல் குறிப்பிடவும். மழைக்கால விடுமுறை அறிவிப்பு முதலில் தெரிய வேண்டியது பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பும் அவர்களுக்கே.

படிவம் வந்ததும் சோதனை மடல் ஒன்று அனுப்புவோம். பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் குறிப்பிட்டு அதற்குப் பதில் எழுதினால்தான் முகவரி பதிவேட்டில் ஏறும். மின்னஞ்சல் இல்லாதவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை; அவர்களுக்குக் குறுஞ்செய்தியும் அச்சிட்ட சுற்றறிக்கையும் வழக்கம்போல் வரும்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்