முட்டைப்பூச்சு பெரியப்பாவுக்கு, பிராக் போயிட்டு வந்து எழுதுறது

பெரியப்பா,

முட்டி வலி எப்படி இருக்கு? இத தம்பி போன்ல வாசிச்சுக் காட்டுவான், காபி குடிச்சுட்டு உக்காந்து கேளுங்க, கொஞ்சம் நீளமா போகும்.

போன வாரக்கடைசியில பெர்லின்ல இருந்து நாங்க நாலு பேரு பிராக் போயிட்டு வந்தோம், செக் நாட்டுத் தலைநகரம். டிரெஸ்டன் தாண்டினதும் எல்பே ஆத்த ஒட்டியே ரயில் போகுது, கரையில மணல்கல் பாறை செங்குத்தா நிக்குது. மதுரைக்காரன் ரீல்ஸ் எடுத்துட்டே வந்தான், ரூம்மேட் தூங்கிட்டே வந்தான், ஹைதராபாத் பொண்ணு மட்டும் எங்க எத்தனை மணிக்கு போகணும்னு எக்ஸெல்ல போட்டு வச்சிருந்துச்சு. அதுல பாதி கூட நடக்கல, அது வேற கதை. இறங்கின உடனே ஒரு கவுன்டர்ல யூரோ மாத்தி ஏமாந்தோம், நடைபாதை பூரா சின்னச் சின்ன சதுரக் கல்லு பதிச்சு வச்சிருக்காங்க, அதுல இழுத்து இழுத்து என் பெட்டி சக்கரம் ஒண்ணு போச்சு. கல்லு பதிச்ச வேலை அழகு தான், பெட்டிக்கு தான் ஆகல.

நான் இத உங்களுக்கு எழுதுறதுக்கு காரணம் சார்லஸ் பாலம். நாலாம் சார்லஸ்னு ஒரு ராஜா, 1357ல அடிக்கல் வச்சிருக்காரு, நல்ல நேரம் பாத்து! வருஷம் 1357, ஒன்பதாம் தேதி, ஏழாவது மாசம், காலையில அஞ்சு முப்பத்தொண்ணு. வரிசையா எழுதிப் பாருங்க, 1-3-5-7-9-7-5-3-1, ஏறி இறங்கி வருதா? பின்னாடி யாரோ கணக்குப் போட்டு சேர்த்த கதையா கூட இருக்கலாம், ஆனா ராகுகாலம்னு லாரியில வந்த ஜல்லிய கூட இறக்க விடாத ஆளு நீங்க, உங்களுக்கு பிடிக்கும்னு தோணுச்சு. 516 மீட்டர் நீளம், 16 வளைவு, முழுக்க மணல்கல்லு. 1841 வரைக்கும் அந்த ஊர்ல ஆத்த கடக்க இந்த ஒரு பாலம் தானாம். 1890 வெள்ளத்துல மரக்கட்டையெல்லாம் வந்து அடைச்சுக்கிட்டு மூணு வளைவு விழுந்துருக்கு, திரும்ப கட்டிட்டாங்க, 2002ல பெரிய வெள்ளம் வந்தப்ப அசையாம நின்னுருக்கு.

இப்ப மேட்டருக்கு வரேன். எங்கள கூட்டிட்டுப் போன கைடு அம்மா பாலத்து நடுவுல நின்னுட்டு, இத கட்டுறப்ப சுண்ணாம்புக் கலவை நல்லா பிடிக்கணும்னு முட்டை சேர்த்தாங்கன்னு ஒரு கதை உண்டுன்னாங்க. நாட்டுல இருக்குற ஊர்கள்ல இருந்தெல்லாம் வண்டி வண்டியா முட்டை வந்துச்சாம், வேல்வரின்னு ஒரு ஊருக்காரங்க வழியில உடைஞ்சிருமேன்னு பயந்து அத்தனையும் அவிச்சு அனுப்பிட்டாங்களாம், இன்னைக்கு வரைக்கும் அந்த ஊர கிண்டல் பண்றாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு சிரிப்பு வரல பெரியப்பா. பத்தாவது படிக்கிறப்ப காரைக்குடியில அந்த பெரிய வீட்டுல நீங்க பூச்சு வேலை பாத்துட்டு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், சுண்ணாம்புன்னு சொல்லிட்டு இருந்தப்ப, "சுவத்துக்கு ஆம்லெட்டா, எறும்பு வராதா"ன்னு சித்தாளுங்க முன்னாடி கேட்டு சிரிச்சேன்ல, நீங்க ஒண்ணும் சொல்லாம கரணைய கழுவ ஆரம்பிச்சீங்க. அது தான் ஞாபகம் வந்துச்சு. இந்தப் பாலத்துல முட்டை இருக்கோ இல்லையோ, நீங்க பூசின சுவத்துல இருந்துச்சு, கை வச்சா ஜில்லுன்னு இருக்கும், முகம் தெரியும், நானே பாத்திருக்கேன்.

அதுக்கப்புறம் ரெண்டு நாளும் நான் சுவத்தையே பாத்துட்டு திரிஞ்சேன், பசங்க காண்டாயிட்டாங்க. கோட்டைக்கு வெளிய ஷ்வார்ஸன்பெர்க் மாளிகைன்னு ஒண்ணு, தூரத்துல பாத்தா கல்லெல்லாம் கூம்பு கூம்பா வெளிய துருத்திட்டு நிக்கிற மாதிரி இருக்கு, கிட்ட போனா தட்டையான சுவரு! அடியில கருப்புப் பூச்சு, மேல வெள்ளைப் பூச்சு, ஈரம் காயுறதுக்குள்ள மேல்பூச்ச சுரண்டி எடுத்து உள்ள இருக்குற கருப்ப காட்டி நிழல் மாதிரி பண்ணியிருக்காங்க. ஸ்க்ராஃபிட்டோன்னு பேரு. எவ்வளவு சுவரு, எவ்வளவு வேகமா சுரண்டியிருக்கணும்னு உங்களுக்கு தான் தெரியும்.

புனித வீட்டஸ் தேவாலயம் 1344ல ஆரம்பிச்சு 1929ல தான் முடிஞ்சிருக்கு. வீட்டுக்காரர் காசு குடுக்காம இழுத்தடிக்கிறாருன்னு நீங்க புலம்புவீங்களே, இங்க கிட்டத்தட்ட அறநூறு வருஷம்! பீட்டர் பார்லர்னு ஒருத்தர், வந்து பொறுப்பெடுக்குறப்ப வயசு 23 தானாம். உள்ள மேல ஒரு வரிசையில கல்லுல தலை செதுக்கி வச்சிருக்காங்க, ராஜா, ராணி, பிஷப்பு, அதே வரிசையில கட்டினவர் பார்லர் மூஞ்சியும் இருக்கு. கீழ இருந்து சரியா தெரியல, கைடு அம்மா போன்ல போட்டோ காட்டினாங்க. காரைக்குடி வீட்டுல முதலாளி போட்டோ மட்டும் தான் மாலையோட இருக்கு.

1410ல செஞ்ச கடிகாரத்தையும் பாத்தோம், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அதுல இருக்குற எலும்புக்கூடு பொம்மை மணியடிக்குது, அதுக்கு அவ்வளவு கூட்டம், ஒரு நிமிஷம் கூட இல்ல முடிஞ்சிருது, ஓவர் பில்டப்பு. ஆனா சூரியன் மறையுறதுல இருந்து மணி எண்ணுற பழைய கணக்கும் அதுல ஓடுது, அது நல்லா இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை கூப்பிடுறேன். பூச்சுக்கு வெள்ளைக்கரு சரி, கல்லுக்கு நடுவுல வைக்கிற கலவைக்கும் முட்டை போடுவாங்களா, இல்ல அந்தம்மா சும்மா விடுறாங்களா? அப்புறம் வேல்வரிக்காரங்க அனுப்பின அவிச்ச முட்டை உங்க சாரத்துல வந்து இறங்கியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? மதுரைக்காரன் சால்னா வச்சிருக்கலாம்ங்குறான்.

உங்க
சின்னவன்