நீ அனுப்பிய இரண்டு சொல்

அன்பு மகள் செல்விக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

எப்படி இருக்கிறாய் என்று வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு 'கெட்டிங் பை, அப்பா' என்று பதில் போட்டிருந்தாய். அதற்குப் பிறகு நீ பேசவில்லை. டியூட்டி மாறியிருக்கும், நேரம் கிடைத்திருக்காது. இருந்தாலும் அந்த இரண்டு சொல்லை என்னால் அப்படியே விட முடியவில்லை. இத்தனை வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுத்தவன், கண் அங்கேதான் போய் நிற்கிறது.

கெட் பை என்றால் இருப்பதை வைத்துக்கொண்டு எப்படியோ நாளைத் தள்ளுவது. பென்ஷன் மட்டும் வாங்குகிற கிழவி அப்படிச் சொல்வாள். நாலு வார்த்தை பிரெஞ்சு தெரிந்துகொண்டு பாரிஸ் போய் வந்தவனும் சொல்வான். நம் பக்கம் 'ஏதோ ஓடுது' என்பார்களே, அதுதான். நன்றாக இருப்பவர்கள் கெட்டிங் ஆன் வெல் என்பார்கள். பிள்ளை அவசரத்தில் மாற்றிப் போட்டிருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்தேன். ஆனால் நீ மாற்றிப் போடுகிறவள் இல்லை. ஓஇடி என்கிற, மருத்துவ வேலைக்காரர்களுக்கான இங்கிலீஷ் பரீட்சையில் ரைட்டிங்கில் முதல் தடவையே பி கிரேடு வாங்கியவள். அங்கே இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்கு ரைட்டிங்கில் சி பிளஸ் இருந்தாலே போதும் என்கிறார்கள், நீ பி வாங்கினாய். இதை நான் இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன் வார்டில் ஒரு பாட்டியம்மாவின் மகள் எழுதிக் கொடுத்த கார்டைப் படம் எடுத்து அனுப்பினாயே. அம்மாவை நீ பார்த்துக்கொண்ட விதத்தை 'கெட் ஓவர்' பண்ண முடியவில்லை என்று எழுதியிருந்தாள். காய்ச்சலிலிருந்து எழுவதற்கும் கெட் ஓவர், துக்கம் ஆறுவதற்கும் கெட் ஓவர், அப்புறம் இது என்ன என்று கேட்டாய். அவள் சொன்னது வியப்பு. இப்படியும் ஒரு பெண் பார்த்துக்கொள்வாளா என்ற ஆச்சரியம் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை, அவ்வளவுதான். அந்தக் கார்டைப் பிரிண்ட் போட்டுச் சாமி அலமாரியில் வைத்திருக்கிறோம். ஊராரின் அம்மாவை அப்படிப் பார்க்கிற பிள்ளை, சொந்த அம்மாவுக்கு ஒரு போன் போட்டால் குறைந்துவிடாது.

இங்கிலீஷில் இந்த மாதிரிச் சேர்க்கைகள்தான் வெளியூர்க்காரர்களுக்குப் பெரிய கஷ்டம் என்று சாமுவேல் ஜான்சனே 1755-இல் தன் அகராதியின் முன்னுரையில் எழுதிவிட்டார். வினை சின்னது, பின்னால் ஒட்டுகிற சொல் அதைவிடச் சின்னது, சேர்ந்தால் பொருள் எங்கேயோ போய்விடும். கெட் என்பதே ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியிலிருந்து, அங்கிருந்து கடல் வழியாகப் படையெடுத்து வந்த வைக்கிங்குகளின் பேச்சிலிருந்து வந்த சொல். நீ இருக்கிற யார்க் ஊரை அவர்கள் 866-இல் பிடித்தார்கள். ஸ்டோன்கேட், மிக்கிள்கேட் என்று தெருப் பெயர்களில் வருகிற கேட் கூட அவர்களுடையதுதான், தெரு என்று அர்த்தம். இதையெல்லாம் நேரில் வந்து உன்னோடு நடந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நைட் டியூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே.

பொங்கலன்று பேசும்போது இன்னொன்று சொன்னாய். யாரோ எப்போது பார்த்தாலும் 'கெட்டிங் அட் மீ' என்றாய். அங்கே அதற்கு ஓயாமல் குறை சொல்லிக் குத்துவது என்று பொருள். வார்டில் யாரையோ சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தார், அதனால் நான் மேலே கேட்கவில்லை. அவர் அதிகம் பேசாத மனிதர், அது எனக்குத் தெரியும். கெட் ஆன் வித் என்றால் ஒருவரோடு ஒத்துப்போவது. அது இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற வேலை, ஒருத்தி மட்டும் செய்தால் அதற்கு அந்தப் பெயர் கிடையாது. வகுப்பில் இந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

ஒருவர் தப்பு செய்துவிட்டுக் கேள்வி இல்லாமல் நழுவுவதற்கு கெட் அவே வித் என்பார்கள். யாருக்கும் அந்த வசதியைச் செய்து கொடுக்காதே. வார்டில் யாராக இருந்தாலும் சரி, வீட்டில் யாராக இருந்தாலும் சரி. மேலத்தெரு அத்தை விஷயத்தில் நம் வீட்டில் யார் யார் என்ன பேசினார்கள் என்பது உனக்கு நினைவிருக்கும். அந்தக் காலம் வேறு. உனக்கு என்று வந்தால் அம்மாவும் அப்படிப் பேச மாட்டாள், நானும் பேச மாட்டேன். அதை மனதில் வைத்துக்கொண்டு நீ எதையும் உள்ளே பூட்டி வைக்க வேண்டாம்.

வேறு விசேஷம் எழுத நிறைய இருக்கிறது. மாடி வீட்டுக்காரர் காலி செய்துவிட்டார். சின்ன மதினிக்கு வளைகாப்பு. அதெல்லாம் அப்புறம் எழுதுகிறேன்.

நேற்றும் உனக்குப் போன் போட்டேன். லைன் கிடைக்காவிட்டால் கெட் த்ரூ ஆகவில்லை என்பார்கள். கஷ்ட காலத்தைக் கடந்து வருவதும் கெட் த்ரூ தான். அதோடு ஒரு 'டு' சேர்த்தால், சொல்வது அடுத்தவர் மனதில் போய்ச் சேர்வது. மூன்றில் எது நடக்கவில்லை என்று தெரியாமல் இரவெல்லாம் விழித்துக் கிடந்தேன். கோபித்துக்கொள்ளாதே பாப்பா, உனக்கு முப்பது வயது ஆகிவிட்டது, உன் வீட்டை நடத்த உனக்குத் தெரியும். இரண்டாயிரம் ரூபாய் ஷூ கேட்கத் தயங்கின பிள்ளை, தனியாகப் பெட்டி தூக்கிக்கொண்டு விமானம் ஏறினாய். உன்னைப் பற்றி எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. வெறும் வயிற்றோடு மட்டும் போகாதே. குளிருக்கு அந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டர் போதாது, வேறு வாங்கிக்கொள்.

இங்கிலீஷில் எழுத வேண்டாம். கெட் டவுன், கெட் அவுட், எதுவும் வேண்டாம். நடப்பதைத் தமிழில், உள்ளபடி, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றால் என் நம்பருக்கு மட்டும் அனுப்பு. பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் நான் லைப்ரரியில் இருப்பேன், பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

என் பாஸ்போர்ட் காலாவதி ஆகியிருந்தது. திருநெல்வேலி அலுவலகத்தில் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வரை தங்கலாம் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். நீ அழைப்புக் கடிதம் அனுப்பினால் போதும். மாப்பிள்ளையைக் கேட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்றால், கேட்டுவிட்டு அனுப்பு. கேட்க முடியாத நிலை என்றால் அதையும் எழுது. அப்போது அழைப்பு இல்லாமலே விண்ணப்பித்து, பக்கத்தில் ஒரு ரூம் எடுத்துத் தங்கிக்கொள்வேன்.

அன்புடன்,
அப்பா