டீலர் தலையில் கட்டாதீர்கள்: ஆஸ்டன் மார்ட்டின் நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமைச் செயல் அதிகாரி திரு. ஏட்ரியன் ஹால்மார்க் அவர்களுக்கும் இயக்குநர் குழுவினருக்கும், வணக்கம்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில், வண்டிகளைக் கடைசியாகப் பரிசோதித்து வெளியே அனுப்பும் பிரிவில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். நீங்கள் எஞ்சின் மேல் பதிக்கும் சிறு தகட்டில், இறுதிப் பரிசோதனை செய்தவரின் பெயரைப் பொறிக்கிறீர்கள். அதை அறிந்த நாளிலிருந்து உங்கள் நிறுவனம் என் மனத்துக்கு நெருக்கமாகிவிட்டது. நான் பார்த்து அனுப்பிய எந்த வண்டியிலும் என் பெயர் இருந்ததில்லை.

1913-இல் தொடங்கிய உங்கள் பிரிட்டிஷ் சொகுசு கார் நிறுவனம், ஏழு முறை திவாலாகியும் எழுந்து நின்றிருக்கிறது. 1947-இல் தொழிலதிபர் டேவிட் பிரவுன் 20,500 பவுண்டுக்கு வாங்கிக் காப்பாற்றினார். உங்கள் கார்களின் பெயரில் வரும் டிபி என்ற எழுத்துகள் இன்றும் அவர் பெயரைச் சொல்கின்றன. ஆனால் 2024 கணக்கு வயிற்றைக் கலக்குகிறது. டீலர்களுக்கு அனுப்பியது 6,030 வண்டிகள், வரிக்கு முந்தைய நஷ்டம் 28.9 கோடி பவுண்டு. வகுத்துப் பார்த்தால் வண்டிக்கு ஏறத்தாழ 48 ஆயிரம் பவுண்டு. 100 கோடி பவுண்டைத் தாண்டிய கடனுக்கு வட்டி வேறு.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஆர்டர் இல்லாத வண்டியை டீலர் தலையில் கட்டாதீர்கள்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு மார்ச் மாதக் கடைசி. கணக்கு முடிக்கும் அவசரத்தில், யாரும் கேட்காத வண்டிகள் லாரி லாரியாகப் போயின. புத்தகத்தில் விற்பனை ஏறியது. ஆறு மாதம் கழித்து ஒரு டீலரின் காலி மனையில் அவற்றைப் பார்த்தேன். நான் கையால் தடவிச் சரிபார்த்த பானெட்டில் புழுதி படிந்து, அதில் மழைத்துளி காய்ந்த வட்டங்கள். பேட்டரி இறங்கியிருந்தது; நின்ற இடத்திலேயே டயர் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது. கிடைத்த விலைக்குத் தள்ளினார்கள். முழு விலை கொடுத்தவர்கள் அதன்பின் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

உங்களிடமும் இது நடந்தது. 2018-இல் பங்குச் சந்தைக்கு வந்தபின் டீலர்களிடம் வண்டிகள் தேங்கின. லாரன்ஸ் ஸ்ட்ரோல் நிறுவனத் தலைவராகப் பொறுப்பேற்றதும் அந்தத் தேக்கத்தைக் கரைக்க வேண்டியிருந்தது. கொரோனாவும் சேர்ந்துகொள்ள, 2019-இல் 5,862 ஆக இருந்த, டீலர்களுக்கு அனுப்பிய வண்டிகளின் எண்ணிக்கை மறு ஆண்டு 3,394 ஆனது. லட்சக்கணக்கான பவுண்டு கொடுத்து வாங்கும் பொருளுக்குத் தள்ளுபடி என்ற பேச்சு வந்தாலே, ஏற்கெனவே வாங்கியவரின் வண்டிக்கும் மதிப்புப் போய்விடுகிறது.

திரு. ஹால்மார்க், முன்பு பென்ட்லி கார் நிறுவனத்தின் தலைவராக நீங்கள் செய்ததை நான் கவனித்திருக்கிறேன். 2018-இல் 28.8 கோடி யூரோ நஷ்டத்தில் இருந்த நிறுவனம் 2022-இல் 70.8 கோடி லாபம் பார்த்தது. அடுத்த ஆண்டு வண்டிகள் குறைந்தும் லாபம் கையைவிட்டுப் போகவில்லை. அந்தப் பொறுமையை உங்கள் தலைமையகம் இருக்கும் கேடனிலும் காட்டுங்கள். இயக்குநர் குழுவும் அவருக்குக் காலம் கொடுக்க வேண்டும். 2020 மே முதல் 2024 செப்டம்பருக்குள் தலைமை நாற்காலி மூன்று முறை கைமாறியது. ஒரு புதிய காரை உருவாக்கவே, அதில் ஒருவர் அமர்ந்த காலத்தைவிட அதிக நாளாகும்.

999 மட்டுமே செய்யப்படும் வல்ஹல்லா சூப்பர் கார் நல்ல காசு கொண்டுவரும். ஆனால் வீட்டுச் செலவு ஓடுவது டிபி12, வேன்டேஜ், வேல்ஸில் செய்யும் டிபிஎக்ஸ் ஆகிய கார்களால்தான். அவற்றை ஆர்டருக்குச் செய்யுங்கள், கேட்பதைவிட ஒன்று குறைவாகவே செய்யுங்கள். டீலர்களிடம் ஆறு மாதத்துக்கு மேல் நிற்கும் வண்டிகள் எத்தனை என்பதை ஒவ்வொரு காலாண்டும் வெளியிடுங்கள்.

2025 பிப்ரவரியில் 170 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தீர்கள். இனியும் கத்தரிக்க நேர்ந்தால், அந்தத் தகட்டில் பெயர் எழுதும் மேசையில் கை வைக்காதீர்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு தரப் பரிசோதகர்