எவ்வளவு பிசகுகிறது என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் அறிவியல் பக்கத்தில் 'ஐன்ஸ்டீன் வீழ்ந்தாரா?' என்ற தலைப்பில் வந்த கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி என் வீட்டுக்கு வந்தாள். "டீச்சர், அப்படியானால் நாங்கள் படிக்கிற ஈர்ப்பு விதி தவறா?" என்று கேட்டாள். முப்பத்தோரு ஆண்டுகள் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். அவளுக்கான பதிலைக் கட்டுரையே தந்திருக்க வேண்டும். ஈர்ப்புக் கோட்பாட்டை விஞ்ஞானிகள் எதிர்க்கிறார்கள் என்று இருந்ததே தவிர, அது எந்த இடத்தில் பிசகுகிறது, எவ்வளவு பிசகுகிறது என்று ஒரு வரிகூட இல்லை.

அந்த 'எவ்வளவு' இல்லாமல் ஈர்ப்பைப் பற்றிய எந்தச் சர்ச்சையையும் புரிந்துகொள்ள முடியாது. புதன் கோளை எடுத்துக்கொள்ளுங்கள். அது சூரியனை மிக நெருங்கி வரும் புள்ளி மெல்ல நகர்ந்துகொண்டே போகிறது. மற்றக் கோள்களின் இழுப்பையெல்லாம் கணக்கில் சேர்த்த பிறகும், நூறு ஆண்டுகளில் 43 விகலை மிஞ்சியது. நம் பஞ்சாங்கக் கணக்கில் கோணத்தை அளக்க வருகிற அதே பாகை, கலை, விகலைதான். 43 விகலை என்பது முழுநிலவின் அகலத்தில் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை. நியூட்டனின் விதிக்கு அங்கே ஓர் எல்லை இருந்தது. 1915 நவம்பரில் ஐன்ஸ்டீன் தன் புதிய ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலைக் கொண்டு அந்த 43 விகலையைக் கணக்கிட்டுக் காட்டினார்.

அதற்கு முன்னால் அந்த மிச்சத்தோடு போராடியவர் பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே. யுரேனஸ் தடம் மாறியபோது, கண்ணுக்குப் படாத ஒரு கோள் அதை இழுக்கிறது என்று கணித்தவர் அவர். 1846 செப்டம்பர் 23 இரவில், அவர் சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள் நெப்டியூன் கிடைத்தது. புதனுக்கும் அதே வழியில், சூரியனுக்கு அருகே வல்கன் என்ற கோள் இருக்க வேண்டும் என்றார். அப்படி ஒரு கோள் இல்லவே இல்லை. அது இருப்பதாக நம்பியபடியே 1877இல், அதே செப்டம்பர் 23இல் இறந்தார். ஒரே மனிதர், ஒரே முறை. ஒரு தடவை காணாத பொருள் இருந்தது. இன்னொரு தடவை விதியே மாற வேண்டியிருந்தது.

இன்றைய கரும்பொருள் வழக்கும் இதே கேள்விதான். விண்மீன் மண்டலங்களின் ஓரத்தில் உள்ள விண்மீன்கள், கண்ணுக்குத் தெரியும் பொருளின் இழுப்புக்குப் பொருந்தாத வேகத்தில் ஓடுகின்றன. 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆந்திரமேடா விண்மீன் மண்டலத்தின் சுழற்சியை அளந்து வெளியிட்டார்கள். காணாத பொருள், அதாவது கரும்பொருள், இருக்கிறது என்கிறார்கள் பெரும்பாலோர். இல்லை, ஈர்ப்பால் வேகம் மாறும் வீதமான முடுக்கம் மிகச் சிறிதாகும்போது ஈர்ப்பின் விதியே வேறு என்று 1983இல் எழுதினார் இஸ்ரேலின் மோர்டெகாய் மில்க்ரோம். கட்டுரையில் அவர் பெயர் வந்திருந்தது. ஆனால் அவர் துணிந்து ஓர் எண்ணைச் சொன்னார் என்பது வரவில்லை. நம் காலடியில் உணரும் முடுக்கத்தில் சுமார் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு ஈர்ப்பு தளர்ந்துவிட்டால், அதற்குக் கீழே என் விதி நடக்கும் என்றார். தோற்கக்கூடிய இடத்தைத் தானே காட்டியதால்தான் அவரை எதிர்ப்பவர்களும் மதிக்கிறார்கள். தனித்தனி மண்டலங்களில் அவர் கணக்கு வியக்கும் அளவுக்குப் பொருந்துகிறது; பல மண்டலங்கள் சேர்ந்த கொத்துகளில் பொருந்தாமல் தடுமாறுகிறது. இரண்டையும் எழுத வேண்டும் அல்லவா?

அந்த மாணவிக்கு நான் சொன்னது பயனீர் விண்கலங்களின் கதை. 1972இலும் 1973இலும் ஏவப்பட்ட பயனீர் 10, 11 இரண்டும் வியாழனைத் தாண்டி வெளியே போயின. கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்திலிருந்து அவை ஆண்டுக்குச் சுமார் 400 கிலோமீட்டர் பின்தங்கின. சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிற தூரம்கூட இல்லை. ஆனால் காரணம் தெரியவில்லை. 1998இல் இதை வெளியிட்டதும், புதிய ஈர்ப்புக் கோட்பாடுகள் வரிசையாகக் கிளம்பின. இன்னொரு குழு பழைய காந்த நாடாக்களைத் தேடி எடுத்து, பல ஆண்டுத் தரவுகளை மீட்டது. கலத்தில் இருந்த புளூட்டோனியம் சுமார் 2,500 வாட் வெப்பத்தை வெளியிட்டது. அது எல்லாத் திசையிலும் ஒரே சீராகப் போகவில்லை. சூரியனுக்கு எதிர்ப்புறத்தில் கொஞ்சம் கூடுதலாக வெளியேறியது. அந்தக் கூடுதல் சுமார் 65 வாட், ஒரு குண்டு பல்பு அளவு. அந்த வெப்பத்தின் எதிர்விசைதான் கலத்தை மெல்லப் பின்னுக்குத் தள்ளியது. 2012இல் இது உறுதியானது. புதிய விதி எதுவும் தேவைப்படவில்லை. ஆனாலும் அந்த 400 கிலோமீட்டரை அற்பமென்று ஒதுக்காமல் கேட்டவர்களை நான் வணங்குகிறேன்.

2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், நியூட்டனும் ஐன்ஸ்டீனும் தவறு என்று ஒருவர் பேசியது நாடெங்கும் செய்தியானது. நான் படித்த செய்திகள் எதிலும் ஓர் அளவீட்டைக்கூடக் காணவில்லை. மில்க்ரோமையும் அந்தப் பேச்சையும் ஒரே தட்டில் வைத்து 'எதிர்ப்பு' என்று எழுதினால், படிக்கிற பிள்ளைகளுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

இப்போதும் உண்மையான ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வெகுதூரம் விலகி நின்று ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களிடையே முடுக்கம் மில்க்ரோம் சொன்ன அளவுக்குத் தளர்ந்துவிடுகிறது. விண்மீன்களின் இடத்தையும் அசைவையும் அளந்த ஐரோப்பாவின் கையா விண்கலம் அவற்றையும் அளந்தது. அந்தத் தரவைக் கொண்டு, நியூட்டன் அங்கே பிசகுகிறார் என்று 2023இல் தென்கொரியாவின் கியு-ஹ்யூன் சே எழுதினார். அதே தரவைக் கொண்டு, பிசகவில்லை என்று இந்திரனீல் பானிக் குழுவினர் எழுதினார்கள். கண்ணில் படாத மூன்றாவது விண்மீன் ஒன்று இருந்தால் அதன் இழுப்பும் வேகத்தைக் கூட்டிக் காட்டும்; அப்படி எத்தனை இணைகளில் ஒளிந்திருக்கிறது என்பதில்தான் தகராறு. மாணவி இதைக் கேட்டதும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "யார் ஜெயித்தார்கள்?" என்றாள். இன்னும் தீரவில்லை என்றேன்.

கையா 2025 மார்ச்சில் ஓய்வுபெற்றுவிட்டது. அது திரட்டிய அளவீடுகளின் அடுத்த தொகுப்பு இனிதான் வெளியாக வேண்டும். அது வந்த பிறகு முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும், அதே பக்கத்தில், அதே பெரிய எழுத்தில் நீங்கள் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவளும் நானும் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
கும்பகோணம்