ரெண்டு குழாய்ல மூணு குடம் ரொம்பாது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை வாசகர் பக்கத்துல ஒரு அம்மா எழுதியிருந்தாங்க, புதுசா வாங்கின டிடிஎச் ரெக்கார்டர் பாக்ஸ்ல மூணாவது சீரியல் பதிவாகவே மாட்டேங்குது, ஏமாத்திட்டாங்க, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகப் போறேன்னு. அவங்க கோவம் நியாயம்தான், ஆனா பாக்ஸ் மேல தப்பில்லம்மா, வித்தவர் வாய் மேலதான் தப்பு. எங்க வீட்லயும் பத்து வருஷத்துக்கு மேல இந்த மாதிரி பாக்ஸ்தான் ஓடுது, எனக்கும் வாங்கும்போது "எத்தனை வேணா ரெக்கார்ட் பண்ணிக்கலாம் சார்"னுதான் சொன்னாங்க, நானும் தலையாட்டிட்டு வாங்கிட்டு வந்தேன். அப்புறம் பட்டுப் பட்டுத்தான் கத்துக்கிட்டேன்.

விஷயம் இதுதான். பாக்ஸ்ல ரெண்டு ட்யூனர்னு, அதாவது சேனலைப் புடிக்கிற பாகம் ரெண்டுன்னு, போட்டிருந்தா ஒரே நேரத்துல ரெண்டு சேனல்தான் உள்ள வரும். பதிவாகுறதும் இதுல சேர்த்தி, நீங்க உக்காந்து பாக்கிறதும் இதுல சேர்த்தி, இந்த ரெண்டாவது பாதியைத்தான் யாரும் சொல்றதில்ல. ஒண்ணைப் பதிவு போட்டுட்டு இன்னொண்ணைப் பாக்கலாம். ரெண்டையும் பதிவுல போட்டுட்டா அந்த ரெண்டுல ஒண்ணைத்தான் பாக்க முடியும், இல்லேன்னா ஏற்கனவே பதிஞ்சு வச்சதைப் போட்டுப் பாத்துக்கலாம், அதுக்கு ட்யூனர் தேவையில்ல. நிறைய பேர் என்ன நினைக்கிறாங்கன்னா ஹார்ட் டிஸ்க் பெருசா இருந்தா நிறைய சேனல் பதியலாம்னு. மாடியில ஆயிரம் லிட்டர் டேங்க் இருக்கட்டும், தெருவுல குழாய் ரெண்டுதான்னா ரெண்டு குடம்தானே ஒரே நேரத்துல புடிக்க முடியும், மூணாவது குடத்தோட நிக்கிற ஆளு நிக்க வேண்டியதுதான்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. சேட்டிலைட்ல இருக்கிற ஒரு ட்ரான்ஸ்பாண்டர்லேர்ந்து, அதாவது சேனல்களை நமக்கு அனுப்புற கருவிலேர்ந்து, பத்து இருபது சேனல் ஒரே கட்டா வருது, ட்யூனர் அந்த மொத்தக் கட்டையும்தான் புடிக்குது, அதுக்குள்ளேர்ந்து ஒரு சேனலைப் பிரிச்சு எடுக்குது. அப்படின்னா ஒரே கட்டுல இருக்கிற மூணு சேனலை ஒரே ட்யூனர்ல எடுக்கலாமேன்னு கேப்பீங்க. கேக்கலாம். என் பொண்ணு இங்கிலாந்துல இருக்கா, அங்க ஆன்டெனா வழியா வர்ற ஃப்ரீவியூங்கிற டிவி சேவைல பிபிசி ஒன், பிபிசி டூ எல்லாம் ஒரே மல்டிபிளெக்ஸ்ல, அதாவது ஒரே கட்டுல வருது, ஹ்யூமேக்ஸ் மாதிரி சில பாக்ஸ்கள்ல ரெண்டைப் பதிவு போட்டுட்டு, அதே கட்டுல இருக்கிற மூணாவதையும் பாக்க விடும். என் பாக்ஸ் விடாது, ஒரு ட்யூனருக்கு ஒரு சேனல், அவ்வளவுதான். சாஃப்ட்வேர் எழுதினவர் மனசு வச்சாதான் உண்டு.

அந்த அம்மா அடுத்தபடியா ஒண்ணு பாக்கணும், பாக்ஸை மெதுவா திருப்பிப் பின்பக்கம். டிஷ்லேர்ந்து வர்ற வயரைச் சொருக ரெண்டு ஓட்டை இருக்கும், ரெண்டுலயும் வயர் இருக்கா? எங்க வீட்ல மாட்டும்போது வந்த பையன் ஒரே ஒரு வயரை இழுத்துட்டு, ரெண்டாவது ஓட்டைல இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கூட கழட்டாம விட்டுட்டான், கேட்டதுக்கு "ஒண்ணே போதும் சார், படம் வருதுல்ல"ன்னான். படம் வருது, ரெண்டாவது பதிவு வராது! சண்டை போட்டு மறுபடி வரவழைச்சா ஒரு ஸ்ப்ளிட்டரை வாங்கிட்டு வந்து ஒரே வயரை ரெண்டாப் பிரிச்சு மாட்டிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் வந்துச்சு பாருங்க கூத்து, சில நாள் ரெண்டும் பதிவாகும், சில நாள் ஒண்ணு "சிக்னல் இல்லை"ன்னு கறுப்பா நிக்கும். ஏன்னு புரிய எனக்கு மூணு மாசம் ஆச்சு. டிஷ்ஷோட மூக்குல சிக்னலை வாங்கி வயர்ல அனுப்புற எல்என்பிங்கிற கருவிக்கு பாக்ஸ்தான் வயர் வழியா கரண்ட் அனுப்புது, 13 வோல்ட் அனுப்பினா ஒரு வகை சேனல்கள், 18 வோல்ட் அனுப்பினா இன்னொரு வகை சேனல்கள். ஒரே வயர்ல ஒரு நேரத்துல ஒரு வோல்ட்தானே போகும், அதனால மொத ட்யூனர் 18 கேட்டுச்சுன்னா 13-ல இருக்கிற சேனலைத் தேடுற ரெண்டாவது ட்யூனர் முழிக்கும். மொட்டை மாடிலேர்ந்து தனியா இன்னொரு வயரை, ரெண்டு வாய் இருக்கிற எல்என்பிலேர்ந்து இழுத்ததும் சரியாப் போச்சு. சாதாரண மனுஷனுக்கு இதெல்லாம் எப்படிங்க தெரியும்?

இதெல்லாம் சரியா இருந்தும் ரெண்டே ரெண்டு சீரியலுக்குப் பாக்ஸ் "முடியாது"ன்னு சொல்ற நாள் உண்டு. நான் எதுக்கும் இருக்கட்டும்னு முன்னாடி 2 நிமிஷம், பின்னாடி 5 நிமிஷம் கூடுதலா பதியச் சொல்லி செட் பண்ணி வச்சிருந்தேன். 8:30 சீரியல் ஒரு சேனல்ல, அது 9 மணிக்கு முடியும், 9 மணி சீரியல் வேற சேனல்ல. மனுஷன் கணக்குல ரெண்டும் இடிக்கவே இல்ல. பாக்ஸ் கணக்குல மொத சீரியல் 9:05 வரைக்கும், அடுத்தது 8:58-லேயே ஆரம்பம், அந்த 7 நிமிஷத்துக்கு ரெண்டு ட்யூனரும் போச்சு. அதே நேரம் பேரன் 8:30-லேர்ந்து 9:30 வரைக்கும் கார்ட்டூன் போட்டு வச்சிருந்தான்னா மூணாச்சு, ஏதோ ஒண்ணை ரத்து பண்ணுன்னு மெசேஜ் வரும், யாரும் பாக்கலேன்னா அதுவே ஒண்ணைக் கழட்டி விட்டுரும். எங்க வீட்ல ஒரு தடவை அதுவா கழட்டி விட்டது சீரியலை, அன்னிக்கு ராத்திரி எனக்கு சாப்பாடு கொஞ்சம் லேட். இப்ப ஒரே சேனல்ல அடுத்தடுத்து வர்ற ரெண்டு சீரியலா இருந்தா தனித்தனியா போடாம, கையால நேரம் குடுத்து ஒரே நீளப் பதிவா போட்டுடறேன், அது ஒரு ட்யூனரோட முடிஞ்சிருது.

இன்னொரு கூத்து, ஒரு ஞாயித்துக்கிழமை மச்சான் வந்திருந்தாரு, எல்லாரும் படம் பாத்துட்டு இருக்கோம், கிளைமாக்ஸ் நேரத்துல டிவி தானா வேற சேனலுக்குத் தாவிடுச்சு, மச்சான் என்னடான்னா பேரன் காதைப் புடிச்சுத் திருகிட்டாரு, புள்ள ரிமோட்டையே தொடல. ஒரு பதிவு ஏற்கனவே ஓடிட்டு இருந்துச்சு, படம் ரெண்டாவது ட்யூனர்ல ஓடிச்சு, இன்னொரு பதிவோட நேரம் வந்ததும் பாக்ஸ் ஸ்க்ரீன் ஓரமா ஒரு கேள்வி கேட்டிருக்கு, யாரும் கவனிக்கல, அதுவே எடுத்துக்கிச்சு.

டிஸ்க் கணக்குக்கு வர்றேன், இது சுலபம். சாதாரண எஸ்டி சேனல் நொடிக்கு 2 மெகாபிட்னு வச்சுக்கிட்டா ஒரு மணி நேரத்துக்கு 0.9 ஜிபி, எச்டி 8 மெகாபிட்னா 3.6 ஜிபி. 500 ஜிபின்னு அட்டைல போட்டிருந்தாலும் முழுசும் நமக்கில்ல, லைவை நிறுத்தி வச்சுப் பாக்கிறதுக்கும் கம்பெனிக்காரங்களே அனுப்புற சமாச்சாரத்துக்கும் கொஞ்சம் ஒதுக்கிடுவாங்க, 400 நமக்குன்னா எஸ்டில 440 மணி நேரம், எச்டில 110 மணி நேரம்தான். 2019 பிப்ரவரில புதுக் கட்டணம் வந்தப்ப டிவி கட்டணத்துக்கு விதி போடுற ட்ராய் அமைப்பு ஒரு எச்டி சேனலை ரெண்டு எஸ்டி சேனலா கணக்கு வச்சாங்க, டிஸ்க் அதை நாலா கணக்கு வைக்குது. வாரம் ஆறு நாள் அரை மணி நேர சீரியல் ஒண்ணு எச்டில பதிஞ்சா 10.8 ஜிபி, அதுல விளம்பரமும் சேர்த்தி. பாத்ததை அழின்னா வீட்டம்மா கேக்கறதில்ல, தங்கச்சி வந்தா போட்டுக் காட்டணுமாம். சரி அப்ப கழட்டி கம்ப்யூட்டர்ல போட்டு வைக்கலாம்னு பாத்தா அதுவும் ஆகாது, பதிவு எல்லாம் பூட்டுப் போட்டு அந்த பாக்ஸோட கட்டி வச்சிருக்கு, வேற எதுலயும் ஓடாது.

கரண்ட் போனா அதோட பதிவும் போச்சு, மழை அடிச்சா கட்டம் கட்டமா உடையும், இது ஐப்பசி கார்த்திகைல டிஷ் வச்சிருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

ஆனா ஒரு மழையை மட்டும் என்னால மறக்க முடியாது. 2023 ஐபிஎல் ஃபைனல், அகமதாபாத், மே 28 ஞாயித்துக்கிழமை. பதிவு போட்டுட்டு ஒரு ரிசப்ஷனுக்குப் போயிட்டேன், வந்து பாத்தா நாலு மணி நேரமும் மழை, கணக்குப் போட்டா 14 ஜிபிக்கு மழை பதிஞ்சு வச்சிருக்கு. மறுநாளைக்குத் தள்ளி வச்சாங்க. மறுநாள் ஜாக்கிரதையா பாக்ஸோட நிகழ்ச்சிப் பட்டியல்ல போட்டிருந்த நேரத்துக்கு மேல ஒரு மணி நேரம் கூடுதலா குடுத்தேன், குஜராத் 214 அடிச்சது, நம்ம சாய் சுதர்சன் 96, சென்னை மூணு பந்து ஆடினதும் மறுபடி மழை, நான் மாத்திரை போட்டுத் தூங்கிட்டேன், பதிவுதான் ஓடுதேன்னு. ஆட்டம் மறுபடி ஆரம்பிச்சதே ராத்திரி 12:10-க்கு. என் பதிவு 12:30-க்கு, ருதுராஜும் கான்வேயும் அடிச்சிட்டு இருக்கும்போதே டக்குனு நின்னிருக்கு. ஜடேஜா கடைசி ரெண்டு பந்துல சிக்ஸும் ஃபோரும் அடிச்சது ஒன்றரை மணி வாக்குல. காலைல பால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாக்ஸுக்கு மேட்ச் முடிஞ்சுதா இல்லையான்னு தெரியாதுங்க, அது கடிகாரத்தைத்தான் பாக்குது. பொண்ணு ஊர்ல நிகழ்ச்சி தள்ளிப் போனா சேனலே சிக்னல் அனுப்புமாம், பாக்ஸ் அதுக்கு ஏத்த மாதிரி காத்திருந்து பதியுமாம், இங்க ஏன் அதைச் செய்யலேன்னு கம்பெனிக்கு ரெண்டு தடவை மெயில் போட்டேன், "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு ரெண்டு தடவையும் பதில் வந்துச்சு.

அட்டைப் பெட்டி மேல தமிழ்ல நாலு வரி போடுங்கன்னுதான் நான் கேக்கறேன், ஒரே நேரத்துல ரெண்டு சேனல்தான், பாக்கிறதும் சேர்த்து, ரெண்டு வயர் கட்டாயம்னு. அந்த அம்மாவுக்கும் அதைத்தான் சொல்வேன், பாக்ஸை மாத்தாதீங்க, மூணு சீரியல்ல ஏதாவது ஒண்ணுக்கு மறுநாள் பகல்ல மறு ஒளிபரப்பு இருக்கான்னு பாருங்க, இருந்தா அதைப் பதிவுல போடுங்க.

கடைசியா உங்ககிட்ட ஒண்ணு, உங்க டிவி நிகழ்ச்சிகள் பக்கத்துல ஆரம்பிக்கிற நேரம் மட்டும்தான் போடுறீங்க, முடியிற நேரத்தையும் போட்டா எங்களை மாதிரி பதிவு போடுற ஆளுங்களுக்கு எது எதோட இடிக்குதுன்னு காப்பி குடிக்கும்போதே தெரிஞ்சிரும். இடம் இல்லேன்னா ராசி பலன்ல ஒரு வரி குறைச்சுக்கலாம், இதை நான் சொன்னேன்னு மட்டும் என் வீட்டு பேப்பர்ல வராம பாத்துக்கங்க.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை வாசகர் ஒருத்தர்